விம்மல் விழும் இடம்

எனக்கு நாக்கு நீளம் என்று என் மாமியார் சொல்லாத நாள் கிடையாது. அந்த வீட்டை விட்டு நான் பெட்டியோடு கிளம்பிய அன்றும் வாசலில் நின்றுகொண்டு அதைத்தான் சொன்னார். அதனால், தொண்டை டாக்டர் என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நாக்கு கட்டிக்கிட்டு இருக்கும்மா, பாதிதான் வெளிய வருது" என்றபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சிரிப்பு. அந்த அம்மாளைக் கூட்டிவந்து காட்ட முடியவில்லையே என்று இருந்தது.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் ட்ராக் பாடுகிறவள். ஒரு புதுப் பாட்டு தயாரானால் பெரிய பாடகி நேராக வந்து உட்கார்ந்து கற்றுக்கொள்ள மாட்டார். அவருக்கு ஏது நேரம். முதலில் என்னை மாதிரி ஒருத்தியைக் கூப்பிட்டு முழுப் பாட்டையும் பாடவைத்துப் பதிவு செய்துகொள்வார்கள். அதுதான் ட்ராக். பெரிய பாடகி அதைக் காரில் வரும்போது கேட்டுக்கொண்டே வருவார். பிறகு ஹெட்போனில் என் குரலை ஓடவிட்டு, அதன்மேலேயே பாடுவார். எங்கே மூச்சு எடுப்பது, எங்கே குழைவது, எங்கே இழுப்பது எல்லாம் நான் போட்ட வழி. அவர் பாடி முடித்ததும் என் குரலை அழித்துவிடுவார்கள். வீடு கட்டி முடித்தால் சாரத்தைப் பிரிக்கத்தானே வேண்டும். சாரத்தில் யாரும் குடியிருப்பதில்லை என்பது எனக்கும் தெரியும்.

ஸ்டூடியோவில் எனக்குப் பெயர் ட்ராக்கம்மா. ஒலிப்பதிவு என்ஜினியருக்குப் பெயர் காது. இசையமைப்பாளர் எல்லோருக்கும் மாஸ்டர், அவர் மனைவிக்கும்கூட. பெரிய பாடகியை மேடம் என்போம். அழிக்கும் பொத்தானை அழுத்துகிறவர் காதுதான். ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு இருந்த ஒரே நண்பர் அவர்.

மேல் ஸ்தாயிக்குப் போகும்போது எனக்கு எப்போதுமே ஓர் இடைஞ்சல் உண்டு. வாயைப் பெரிதாகத் திறந்தால் நாக்கு கூட வராது. அடியில் யாரோ பிடித்து இழுத்து வைத்திருக்கிற மாதிரி இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நான் இன்னொருத்தர் வாயில் இருந்து பார்த்ததில்லையே. உச்ச சுரத்துக்கு முன்னால் தாடையைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி, முன்னுக்குக் கொண்டுவந்து, தொண்டையை இறுக்கினால்தான் அங்கே போய்ச் சேர முடியும். தள்ளுகிற அந்த இடத்தில் குரல் லேசாக உடையும். உடைந்து, ஒட்டிக்கொண்டு, மேலே ஏறும். அதை மறைக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். மைக்கிலிருந்து தலையைத் திருப்புவேன், முந்தின சொல்லை நீட்டிச் சமாளிப்பேன். ஒன்றும் பலிக்கவில்லை.

மேடத்துக்காக முதன்முதலில் ட்ராக் பாடிய அன்றும் அது உடைந்தது. இன்னொரு தடவை பாடிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். மாஸ்டர் அவசரத்தில் இருந்தார். "ட்ராக்தானே, விடு. அவங்க சரியா பாடிப்பாங்க" என்று எழுந்து போய்விட்டார். அந்தப் பாட்டை அப்புறம் நான் கேட்டது ஒரு மருந்துக் கடையில். தலைவலி மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். ரேடியோவில் மேடம் பாடிக்கொண்டே வந்தார், உச்சத்துக்கு முன்னால் அவர் குரல் உடைந்தது. நான் உடைந்த அதே இடத்தில், அதே அளவு. என் நொண்டலைப் பார்த்து நடை என்று நினைத்து அவரும் நொண்டியிருந்தார். இனி என்னைக் கூப்பிடவே மாட்டார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

நடந்தது வேறு. அந்தப் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. அந்த இடம் வரும்போது அழுதுவிட்டேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதற்கு 'விம்மல்' என்று யாரோ பெயர் வைத்தார்கள். வாழ்க்கையில் அடிபட்டவருக்குத்தான் அது வரும் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அடுத்த பாட்டிலிருந்து மாஸ்டரே கேட்க ஆரம்பித்தார்: "ட்ராக்கம்மா, இங்க அந்த விம்மலைப் போட்டுடு." நானும் போட்டேன். போடாமல் இருக்க எனக்குத் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒருநாள் மேடம் சீக்கிரமே வந்துவிட்டார். கண்ணாடி அறைக்குள் என் எதிரிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "நீங்க பாடுங்க, நான் பாக்கறேன்" என்றார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "தாடை இடதுபக்கம் போகுது, இல்ல?" என்றார். அங்கேயே உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பழகினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, நல்ல உழைப்பாளி. அதற்குப் பிறகு மேடையிலும் அவருக்குத் தாடை இடதுபக்கம் போக ஆரம்பித்தது. அவரைப் பார்த்து டிவி போட்டிகளில் பாடுகிற சின்னப் பெண்களுக்கும் போனது. ஊரில் பாதிப் பேருக்குத் தாடை கோணிவிட்டது என்று காதுவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் அவர்களுக்கு அது அலங்காரம். எனக்கு வலி. போகப்போக, சாப்பிடும்போது தாடை 'கடக்' என்றது. காதுக்குள் குத்தல். காலையில் எழுந்தால் பாத்திரம் தேய்க்கிற மாதிரி ஒரு குரல், அது தெளிய மதியம் ஆகும். அந்தச் சமயம் பார்த்துத்தான் மாஸ்டர் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த ஆல்பத்துல ஒரு பாட்டு இருக்கு. மேடம் வேண்டாம்னு பாக்கறேன். உன் குரல்லயே விட்டுடலாம்."

எத்தனையோ வருஷமாகப் பாடி, என்னுடையது என்று ஒரு வரிகூட எங்கேயும் இல்லை. ஒரு பாட்டு. அழிக்காமல் ஒரு பாட்டு. அதற்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று இருந்தது. அந்தப் பாட்டின் மெட்டை வாசித்துக் காட்டினார். உச்ச சுரத்தில் போய் அப்படியே நிற்க வேண்டும், நின்று மெல்லக் கரைய வேண்டும். கரகரத்த என் தொண்டை அதில் நிற்காது என்று எனக்கே தெரிந்தது. அதனால்தான் டாக்டரிடம் போனேன்.

அவர் என் மூக்கு வழியாகக் கேமரா விட்டு, என் குரல் நாண்களை டிவியில் காட்டினார். இரண்டிலும் எதிரெதிரே சின்னத் தடிப்பு. "பாவம், இதுங்க மேல தப்பு இல்ல. தப்பு நாக்குக்குக் கீழே இருக்கு" என்றார். என் நாக்கின் அடியில் இருக்கும் சவ்வு பிறவியிலேயே குட்டையாம். வாய் திறந்தால் நாக்கு எழும்ப முடியாமல் பின்னால் இழுக்குமாம். நாக்கின் வேர் குரல்வளையோடு சேர்ந்தது, அதையும் மேலே தூக்கி நெரிக்குமாம். அந்த நெரிசலில் இத்தனை வருஷம் பாடியதால்தான் தடிப்பு. "இப்படியே பாடினா கொஞ்ச வருஷத்துல குரல் போயிடும். நாக்கை விடுவிச்சா தடிப்பு தானா வத்திடும். சின்ன வெட்டுதான், வாய் மரத்துப்போக ஊசி போட்டு இங்கயே பண்ணிடலாம். ஆனா ஒன்னு. வெட்டினதும் நாக்குப் பயிற்சி விடாம பண்ணணும், ஒன்றரை மாசம். பண்ணலைன்னா காயம் ஆறும்போது சுருக்கி இழுத்துக்கிட்டு பழையபடியே ஒட்டிக்கும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீ பொறந்தப்பவே நர்சு சொன்னா. கத்தரியால ஒரு நறுக்கு, ஒரு நிமிஷ வேலைன்னா. நான்தான் பச்சக் குழந்தை வாயில கத்தரியான்னு ஒரே ரகளை பண்ணி வேண்டாம்னுட்டேன்."

"இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

"பேச வராதுன்னு பயந்தேன். நீ பேசின பேச்சு ஊருக்கே கேட்டுச்சு. அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

மடித்த துணியைத் திரும்பப் பிரித்து, மறுபடி மடித்தாள். அவளுக்கு அழுகை வந்தால் கைக்கு வேலை வேண்டும். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

வெட்டினார்கள். அந்தக் கதையைச் சொல்ல ஒன்றுமில்லை, இரத்தம் கொஞ்சம், தையல் கொஞ்சம். மரப்பு தெளிந்ததும் வலி இருந்தது, இருந்தாலும் அன்று சாயங்காலமே நாக்கு நுனியால் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டது. அடுத்து வாயை முழுக்கத் திறந்து அண்ணத்தைத் தொட்டேன். இந்த வயதில் என் வாய்க்குள் நான் போகாத ஓர் இடம் இருந்திருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று தினமும் பயிற்சி. நாக்கை மேலே தூக்கு, வெளியே நீட்டு, இரண்டு கன்னத்திலும் முட்டு. அம்மா குளியலறைக் கதவில் சாய்ந்துகொண்டு காவல் நிற்பாள். "இன்னும் தூக்கு, இன்னும்" என்பாள். நர்சிடம் போட்ட ரகளைக்கு இப்போது பிராயச்சித்தம் செய்கிறாள் என்று தோன்றும்.

பயிற்சி இன்னும் பாதி மீதி இருக்கும்போதே டாக்டர் பாடலாம் என்றார். அன்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பாட்டை எடுத்தேன். உச்ச சுரம் வந்தது. தாடை இருந்த இடத்திலேயே இருந்தது. தள்ளவில்லை, இறுக்கவில்லை, வாயைத் திறந்தேன், குரல் தானாகப் போய் மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வலி இல்லாமல் பாடுவது என்றால் இதுவா, மற்றவர்கள் எல்லாம் இத்தனை சுலபமாகத்தான் பாடிக்கொண்டிருந்தார்களா என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். அடுக்களையிலிருந்து அம்மா, "யாருடி ரேடியோ போட்டது, சத்தத்தைக் குறை" என்றாள். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

பதிவுக்குப் போன அன்று நல்ல புடவையாக உடுத்திக்கொண்டேன். கண்ணாடி அறைக்குள் நின்று பாடினேன். முடித்ததும் ஹெட்போனில் சத்தமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் காதுவைப் பார்த்தார், காது பொத்தான்களைப் பார்த்தார்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றது மாஸ்டரின் குரல்.

"நல்லாத்தான் இருக்கேன் மாஸ்டர்."

"இன்னொரு தடவை போலாம்."

பாடினேன். மறுபடி பாடச் சொன்னார். மறுபடியும். கடைசியில் என்னை வெளியே வரச் சொல்லி, பாடியதைப் போட்டுக் காட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழகாக இருந்தது.

"சுருதி எல்லாம் கரெக்டா நிக்குது மாஸ்டர். எப்பவும் பாடறதைவிட நல்லா நிக்குது" என்றார் காது, எனக்காக.

"நிக்குதுப்பா. யாரு இல்லைன்னா? ஆனா யாரோ பாடற மாதிரி இருக்கு. அந்த விம்மல் எங்க?" என்று மாஸ்டர் என்னைப் பார்த்தார். "அதுக்காகத்தானே உன்னை வெச்சுப் பண்ணலாம்னு நெனச்சேன்."

நடந்ததைச் சொன்னேன். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கியும் காட்டினேன், அசட்டுக் குழந்தை மாதிரி. அவர் குனிந்து தையல் இருந்த தடத்தைப் பார்த்தார். சொல்லாமல் கொள்ளாமல் வீணைக்குத் தந்தி மாற்றிவிட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஏம்மா, வெட்டறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"என் நாக்கு மாஸ்டர்."

"உன் நாக்குதான். நான் என்ன, என்னோடதுன்னா சொன்னேன்?"

திரும்பவும் உள்ளே போய், வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தேன். தாடையை இடதுபக்கம் தள்ளினேன். நாக்கு அது பாட்டுக்குச் சும்மா கிடந்தது. அதற்கு இப்போது இழுபட எதுவும் இல்லை. குரல் உடைவதற்குப் பதிலாக ஒரு நெளி நெளிந்தது, துக்க வீட்டில் கடமைக்கு அழுகிறவள் மாதிரி. எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. நான் பாடியபோதெல்லாம் அது நான் செய்த காரியம் இல்லை, எனக்கு நேர்ந்த காரியம். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவே தெரியாது. உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா என்பார்களே, அது அன்றைக்கு எனக்காகச் சொன்னது.

வேறொரு பாட்டுக்காக வந்து வெளியே காத்திருந்த பெண்ணை மாஸ்டர் கூப்பிட்டார். டிவி போட்டியில் மேடத்தின் பாட்டுகளைப் பாடி ஜெயித்தவள். என்னை வணங்கிவிட்டு உள்ளே போனாள். மெட்டை ஒருமுறை கேட்டாள், பாடினாள். உச்சத்துக்கு முன்னால் அவள் தாடை இடதுபக்கம் நகர்ந்தது. விம்மல் விழுந்தது. மாஸ்டர் தொடையில் தட்டினார். காது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டு அவளுடையதாயிற்று. யாரும் அறிவிக்கவில்லை, அறிவிக்கத் தேவையும் இல்லை.

கிளம்பும்போது மாஸ்டர் என் தோளில் கை வைத்தார். கெட்டவர் இல்லை. "மனசுல வெச்சுக்காத. அடுத்த மாசம் மேடத்துக்கு ட்ராக் இருக்கு. ஆனா நீ இப்படிப் பாடினா அவங்க எதைப் பிடிச்சுக்குவாங்க? இந்தப் பொண்ணுகிட்ட அந்த இடத்தைக் கொஞ்சம் கேட்டு வாங்கிக்க. சொல்லிக் குடுப்பா."

தண்ணீர்க் குழாய் இருக்கும் நடையில் அவள் சொல்லிக் கொடுத்தாள். தங்கமான பெண், அதுதான் தாங்க முடியவில்லை.

"ரொம்ப சுலபம்க்கா. நானே மேடம் வீடியோவைப் பாத்துப் பாத்துதான் கத்துக்கிட்டேன். உச்சத்துக்குப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தாடையை இப்படி இடதுபக்கம்..." சொல்லிக்கொண்டே இரண்டு விரலால் என் மோவாயைப் பிடித்து மெல்லத் தள்ளினாள். "இவ்வளவுதான். ஜாஸ்தி போனா நல்லா இருக்காது. மேடத்துக்கு இது பிறவியிலயே வந்ததாம், பேட்டியில சொல்லியிருக்காங்க. நமக்கெல்லாம் பழகினாத்தான் வரும்."

அவள் பேசும்போது அவளுடைய நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கும் ஒட்டாமல், எந்தப் பக்கமும் சுளுவாகப் போய்வரும் நாக்கு. அந்த விம்மல் யாருடையது என்று சொல்லியிருக்கலாம். நா எழவில்லை. எழும்புவதற்கென்றே வெட்டிவிட்ட நாக்கு, சமயத்தில் எழவில்லை. சொல்லியிருந்தாலும் என்ன, பாடிக் காட்டு என்பாள். "தேங்க்ஸ்மா" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். யோசிக்க அதிகம் இல்லை. பழைய நாக்கோடு இருந்தால் குரல் போகும், ஆனால் கொஞ்ச வருஷம் கழித்து. புது நாக்கோடு இருந்தால் வேலை போகும், அடுத்த மாதமே. என் சம்பாத்தியத்தில்தான் அம்மாவும் நானும் சாப்பிடுகிறோம். ஆனால் சோறு மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். அந்தப் பெண்ணின் விரல் என் மோவாயில் இருந்தபோது எனக்கு அந்த விம்மல் திரும்ப வேண்டும் என்று இருந்தது. அது ஊனம்தான், இருக்கட்டும், அது என் ஊனம். ஊரெல்லாம் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள், என்னிடம் மட்டும் இல்லை.

மறுநாள் காலை குளியலறையில் அம்மா வழக்கம்போலக் கதவில் சாய்ந்து நின்றாள். "நான் பாத்துக்கறேம்மா, நீ போய் உக்காரு" என்று கதவைச் சாத்தினேன். குழாயைத் திறந்துவிட்டு, பயிற்சி செய்கிற நேரம் முழுக்கச் சும்மா நின்றேன். கண்ணாடியில் வாயை மூடிக்கொண்டு நின்றவளைப் பார்த்தேன். வெளியே வந்ததும், "தூக்கினியா?" என்று கேட்டாள்.

"தூக்கினேன்."

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"நல்லவேளை. இதையாவது உருப்படியாச் செஞ்சோமே" என்றாள்.

அதன்பிறகு தினமும் இதுதான். குழாய் ஓடும், நான் நிற்பேன், அம்மா கேட்பாள். குளித்து முடித்து நாக்கின் அடியில் விரலை விட்டுப் பார்ப்பேன். முதலில் மெத்தென்று இருந்தது. அப்புறம் ஒரு கயிறு திரள ஆரம்பித்தது. இப்போது வாயைப் பெரிதாகத் திறந்தால் நாக்கு அண்ணத்துக்குப் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மேலுதட்டைத் தொட முடியவில்லை.

நேற்று காது போன் செய்தார். "மாஸ்டர் தேதி கேக்கறாரு. மேடம் ட்ராக். எப்ப வர முடியும்?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே."

"காயம் இன்னுமா ஆறல?"

"ஆறிக்கிட்டு இருக்கு. முழுசா ஆறட்டும், வந்துடறேன்" என்றேன். பக்கத்தில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது காதில் விழுந்து, ஆமாம், அவசரப்படாதே என்று தலையை ஆட்டினாள்.